கோலார் தங்கவயல்: கழிவு மேட்டில் கிடக்கும் கனிமம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டியது கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். அங்குள்ள தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. பின்னர் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அவற்றை நடத்தியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

மேடுகள் உருவான விதம்

வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். எஞ்சிய நுண்மணல் குன்றுகளாகக் குவிந்தது. மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்றனர். இவற்றில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு உள்ளது.

கழிவில் உள்ள செல்வம்

இம்மணலில் சிறிதளவு தங்கமும் ஷீலைட் என்னும் கனிமமும் உள்ளன. ஷீலைட் டங்ஸ்டன் உலோகத்தின் தாது. சயனைடு அதைக் கரைப்பதில்லை. ஆகவே அது கழிவோடு தங்கிவிட்டது. குவார்ட்சு மணலின் அடர்த்தி 2.65, ஷீலைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 6. நீரோடு கலந்த மணலை அதிரும் மேசையில் ஓடவிட்டால் இலேசான மணல் அடித்துச் செல்லப்படும். கனமான கனிமம் பின்தங்கும். புற ஊதா ஒளியில் ஷீலைட் நீலவெண்மையாக ஒளிர்வதால் அதை எளிதில் அடையாளம் காணலாம். ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் உலோகத்தைக் கடையும் கார்பைடு முனைகளுக்கு டங்ஸ்டனே அடிப்படை. இந்தியா தன் டங்ஸ்டன் தேவைக்குப் பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளது.

கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய் மணலிலும் இதே நிலைதான். தாரெண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் கழிவில் சிர்கானும் டைட்டானியக் கனிமங்களும் செறிந்திருக்கின்றன. ஒரு காலத்தில் தேடிய பொருள் எது என்பதே, எது கழிவு என்பதை முடிவு செய்கிறது.

மேட்டின் நிழலில் வாழ்வோர்

ஆனால் கழிவு வெறும் கணக்கல்ல. காற்றடிக்கும் மாதங்களில் இம்மேடுகளின் தூசி தொழிலாளர் குடியிருப்புகளின் மீது படிந்தது. சுரங்கம் மூடியபின் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றனர். 2024-இல் 13 கழிவு மேடுகளில் கனிமம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேட்டைக் கிளறினால் தூசி மீண்டும் எழும். அதை அடக்கும் ஏற்பாடும், அத்தூசியைச் சுவாசித்த குடும்பங்களுக்கு வேலையில் முதலிடமும் இருந்தால்தான், அவர்களின் முன்னோர் வெட்டியெடுத்த பாறையின் மிச்சம் அவர்களுக்கும் பயன்படும்.