தென்னார்க்காட்டில் ஓர் அந்நிய எல்லை

கல்வராயன் மலையின் கடுக்காயும் புளியும் தேனும் வந்திறங்கும் கள்ளக்குறிச்சிக்குக் கடலும் இல்லை. அருகே அந்நிய நாடும் இல்லை. எல்லைக் காவல் என்பது இவ்வூர் மக்களுக்குத் தொலைதூரச் செய்தியே. ஆயினும் 1954ஆம் ஆண்டு வரை, கள்ளக்குறிச்சி வட்டம் அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் பிரான்சின் எல்லை இருந்தது. பிரெஞ்சுப் புதுச்சேரியே அது.

அவ்வெல்லை ஒரே கோடாக அமைந்ததன்று. புதுச்சேரி ஆட்சிப்பகுதி பல துண்டுகளாகச் சிதறியிருந்தது. இடையிடையே ஆங்கிலேயருக்குரிய ஊர்கள் கிடந்தன. ஒரே சாலையில் செல்லும் மாட்டுவண்டி, ஒரே நாளில் இரு நாடுகளுக்குள்ளும் பலமுறை புகுந்து வெளிப்பட நேரும்.

முதற்பூசல் உப்பினால் எழுந்தது. உப்பு விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி, புதுச்சேரி உப்பு எல்லை கடந்து வருவதை விரும்பவில்லை. எனவே 1818இல் ஓர் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் செய்தது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4,000 வராகன் வழங்கப்பட்டது. பிழைப்பை இழந்தவர் உப்பளத் தொழிலாளர்.

அதே எல்லை திறந்திருந்த காலத்தில் இரு பக்கமும் செழித்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. தென்னார்க்காட்டின் வேர்க்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. புன்செய் உழவரின் விளைச்சலுக்குக் கடல் கடந்த சந்தை கிடைத்தது.

புதுச்சேரி தீர்வையில்லாத் துறைமுகம். பிரிட்டிஷ் இந்தியாவில் இறக்குமதித் தீர்வை உயர உயர, இரு பக்க விலைகளுக்கும் இடையே வேறுபாடு பெருகியது. அவ்வேறுபாடே கடத்தலுக்கு ஊற்றாயிற்று. 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் அதனைத் தணித்தது. 1949இல் அவ்வொப்பந்தம் முடிவுக்கு வந்ததும் சுங்கக் காவல் மீண்டும் எழுந்தது. கடத்தலும் உடன் வளர்ந்தது. இந்திய அரசுக்கு வருவாய் இழப்பு ஒரு காரணம்; பிரெஞ்சு ஆட்சியை வெளியேற்றும் அரசியல் நோக்கம் மற்றொன்று. 1954இல் கெடுபிடி உச்சத்தை எட்டியது.

அதன் சுமை எவர்மேல் விழுந்தது? விலைமதிப்பு மிக்க பொருளைச் சிறு பொதியில் மறைத்துச் செல்பவன் இரவு வழிகளை அறிவான். நெல்மூட்டையும் காய்கறிக் கூடையும் மறைக்க இயலாதவை. சட்டத்தை மதித்துச் சாவடியில் நின்ற சிறுவணிகரே நாளையும் சரக்கையும் இழந்தனர். நம் சமூகமும் இதற்கு விலக்கன்று. நாகூருக்குச் சில மைல் வடக்கே பிரெஞ்சுக் காரைக்கால். கொள்வினை கொடுப்பினையால் பிணைந்த முஸ்லிம் குடும்பங்கள் இரு புறமும் வாழ்ந்தன.

எல்லையில் தீர்வை வாங்குவது அநீதியன்று. பிற நாட்டார் முஸ்லிம் வணிகரிடம் பத்தில் ஒரு பங்கு வாங்குவதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் எழுதியபோது, அந்நாட்டு வணிகரிடமும் அவ்வாறே பெறுமாறு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பணித்தார்கள். எனினும் மதீனாவுக்குக் கோதுமையும் எண்ணெயும் கொணர்ந்த நபத்திய வணிகரிடம் அதில் பாதியே பெற்றார்கள். அப்பொருள்கள் மிகுதியாக வரவேண்டும் என்பதே நோக்கம். 200 திர்ஹத்துக்குக் குறைந்த சரக்குக்குத் தீர்வை இல்லை என்பது ஹனஃபி ஃபிக்ஹின் நிலைப்பாடு. அரசின் உரிமை, மக்களின் உணவு, சிறுவணிகரின் பிழைப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒருசேர எண்ணப்பட்டன.

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. பிரெஞ்சு எல்லையும் அதன் சுங்கக் காவலும் மறைந்தன. ஆனால் கேள்வி மறையவில்லை. போரினால் 1980களில் நின்றுபோன வட இலங்கைக்கான பயணிகள் கப்பல், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் புறப்பட்டது. அக்கடலுக்குக் காவல் தேவையே. அக்காவலின் விதிகளை வகுப்போர், கடத்துவோனை மட்டும் எண்ணாமல், சாவடியில் மூட்டையை இறக்கிவைத்துக் காத்து நிற்கும் நேர்மையான வணிகரையும் எண்ணவேண்டும்.