பிரசாவுரிமையும் பதகளிப்பும்: கண்டித் தோட்டங்களை முன்வைத்து

அச்சத்துக்குக் கண்முன் ஒரு பொருள் உண்டு. பதகளிப்புக்கோ இன்னும் வராததே பொருள். கண்டியைச் சூழ்ந்த கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் அதனை ஊன்றியது சட்டமேயாகும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோரின் இலங்கைப் பிறப்புக்குச் சான்று கோரிற்று. லயத்தில் அப்பத்திரம் ஏது?

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடெங்குமுள்ள 975,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. மனிதரை இவ்வாறு எண்ணிப் பிரித்தோர் அவர்களை வினவினாரல்லர். விண்ணப்பித்தோர் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் மறுமொழியை எதிர்நோக்கினர். காத்திருப்பு நீளும்போது உறக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், திருமணமும் பிள்ளைகளின் படிப்பும் தள்ளிப்போகும். உளவியலாளர் தனியாளிடம் காணும் இக்குறிகளை இங்கு ஒரு வர்க்கத்தின் வரலாறாகவே வாசித்தல் வேண்டும்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஆயின், குடியிருக்கும் லயத்துக்கு உறுதிப்பத்திரம் இன்றும் பெரும்பாலோரிடம் இல்லை.