மழைநீர் புகுந்த காரின் லெதர் சீட்: தேங்காய் எண்ணெய் தடவலாமா? முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனம் அருகே மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2-ம் தேதி தென்பெண்ணை வெள்ளம் அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மேலேயே ஓடியதால் போக்குவரத்து நின்றுபோனது.

இந்த மாதிரி நேரத்தில் காருக்குள் தண்ணீர் புகுந்தால், இன்ஜினுக்கு என்ன ஆச்சோ என்றுதான் எல்லோரும் பதறுவோம். சீட்டைப் பற்றி கேட்டால், 'அது வெயிலில் காய்ந்தால் சரியாயிடும்' என்போம். சரியாகாது. மேலே லெதர் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

உங்கள் சீட் உண்மையிலேயே லெதரா?

நம்ம ஊர் கார்களில் 'லெதர்' என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை லெதரெட், அதாவது பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த துணி. சீட்டின் அடிப்பக்க ஓரத்தை லேசாகத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் துணி நெசவு தெரிந்தால் லெதரெட். தோலின் நார் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அசல் தோல். சில கார்களில் உட்காரும் பகுதி மட்டும் தோல், பக்கவாட்டில் லெதரெட் இருக்கும். லெதரெட்டுக்கு கண்டிஷனர் வாங்குவது வீண் செலவு. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

நனைந்துவிட்டால்...

துடைப்பதற்கு முன்பே போட்டோ, வீடியோ எடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் கிடைக்காது.

மேலே சீட் கவர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் ஈரம் தங்கும். நான்கு கதவுகளையும் திறந்து, நிழலில் ஃபேன் காற்றில் காய வையுங்கள். நேரடி வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், தோல் சுருங்கி வெடித்துவிடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சீட்டைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். சாக்கடை கலந்த வெள்ளம் சீட்டுக்கு மேல் ஏறியிருந்தால் ஃபோமையே மாற்றுவதுதான் நல்லது.

காய்ந்த பிறகு லெதர் கிளீனரைத் துணியில் எடுத்து மென்மையாகத் துடைக்க வேண்டும். சீட் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது. சின்னச் சின்ன துளை உள்ள சீட் என்றால் நேராக உள்ளே போய்விடும். துணி சோப்பு, டிஷ்வாஷ் வேண்டாமே. தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்பின் காரம் அதற்கு ஆகாது. கடைசியாக, கண்டிஷனரைக் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்து, மிச்சத்தை வேறு துணியால் துடைத்துவிடுங்கள்.

சரி, தேங்காய் எண்ணெய்?

வேண்டாம். தடவிய அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் கார் சீட் தோலின் மேல் ஏற்கெனவே நிறமும் பாதுகாப்புப் பூச்சும் இருப்பதால் எண்ணெய் பெரிதாக உள்ளே இறங்காது. மேலேயே நின்று தூசியை இழுக்கும், வேட்டி சேலையில் ஒட்டும், நாளாக நாளாக சிக்கு வாடை அடிக்கும். தலை சாயும் இடம் மட்டும் ஏன் சீக்கிரம் கறுத்துப்போகிறது என்று யோசித்ததுண்டா? பெரும்பாலும் நம்ம தலை எண்ணெயும் வியர்வையும்தான். அந்த இடத்தை வாரம் ஒருமுறை துடைத்தாலே போதும்.

பழைய கார் வாங்கப் போறீங்களா?

சீட் மேலே புதுசு மாதிரி மின்னும். அதை நம்பாதீர்கள். சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தையல் இடுக்கில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரில் சேற்றுக் கறை பெரும்பாலும் அங்கேதான் மிச்சமிருக்கும்.