துவர்: முடிக்கும் ஆடைக்கும் பொதுவான நிறமரபு

ஆய்வுச் சுருக்கம்

நரைத்த முடிக்கு வீட்டிலேயே தற்காலிகமாக நிறமேற்றும் வழக்கம் பெரும்பாலும் ஒப்பனை, மருத்துவம் ஆகிய துறைகளுக்குள் வைத்தே நோக்கப்படுகிறது. ஆடைக்குச் சாயமூட்டும் தொழிலறிவோடு அது பொருளாலும் சொல்லாலும் உறவுடையது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. 'துவர்' என்னும் சொல் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. செயற்கைச் சாயங்களின் வரவால் இவ்வுறவு தளர்ந்ததும் அதன் விளைவும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: துவர், நரை, அவுரி, மருதாணி, கடுக்காய், காஞ்சிபுரம் பட்டு, மாகறல்

முன்னுரை

முதுமையிலும் தம் முடி நரைக்காமைக்குரிய காரணங்களைப் பிசிராந்தையார் புறநானூற்றின் 191ஆம் பாடலில் அடுக்கிக் கூறுகிறார். இளமை கருதித் தன்னை ஐயுற்ற முதியோர் மனம் நிறைவுறுமாறு, சோழன் ஒருவன் நரைமுடி புனைந்து வழக்குத் தீர்த்த செய்தியைப் பழமொழி நானூறு தருகிறது. அவனைக் கரிகாலன் எனக் கொள்வர். முன்னதில் நரையின்மை நல்வாழ்வின் பயன். பின்னதில் நரை அறிவு முதிர்ச்சியின் அடையாளம். நரையைக் கருமையாக்கும் முறை இவ்விரண்டிலும் பேசப்படவில்லை. அம்முறைக்கு அடிப்படையான பொருளறிவை நீராட்டு மரபிலும் சாயத்தொழிலிலும் தேடவேண்டியுள்ளது.

'துவர்' என்னும் சொல்

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் நீராட்டுக்குரிய பொருள்களாகப் பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் கூறப்படுகின்றன. பூவந்தி, கடுக்காய், தான்றி, நெல்லி, கருங்காலி, நாவல், நால்வகைப் பால்மரங்கள் ஆகியன அப்பத்துத் துவர்கள் என்பது உரைமரபு. இவற்றுள் பெரும்பாலானவை இன்றைய வேதியியல் 'டானின்' எனக் குறிக்கும் துவர்ப்புப் பொருள் மிக்கவை. காப்பியம் இவற்றை நீராட்டுக்கு உரியனவாகச் சொல்கிறதேயன்றி, நிறமேற்றுதற்கு என்று சொல்லவில்லை. எனினும், முடிமீது கறைபடியச் செய்யும் ஆற்றலுடைய பொருள்கள் அக்காலத்திலேயே கூந்தற் பேணலில் இடம்பெற்றிருந்தன என்பது தெளிவு.

இச்சொல் சுவையை மட்டுமின்றிச் செந்நிறத்தையும் குறிக்கும். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் சேயாற்றங்கரையில் அமைந்த மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலம். அவருடைய தேவாரத்தில் பௌத்தத் துறவியர் துவராடை அணிந்தோராகச் சுட்டப்படுகின்றனர். துவர் தோய்ந்த ஆடை துவராடை. ஆகவே, கூந்தலைக் கழுவும் பொருளுக்கும் ஆடையின் நிறத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்கியுள்ளது.

பட்டும் முடியும்

இச்சொல்லுறவுக்கு இயற்பியல் அடிப்படையும் உண்டு. பட்டிழை 'பைப்ராயின்' என்னும் புரதத்தாலும் தலைமுடி 'கெராட்டின்' என்னும் புரதத்தாலும் ஆனவை. பருத்தியைப் போன்ற தாவர இழைகளைவிடப் புரத இழைகள் பல இயற்கைச் சாயங்களை எளிதில் ஏற்கும். மாகறலை உள்ளடக்கிய காஞ்சிபுரம் நெசவு வட்டாரத்தில் இன்றும் 'அரக்கு' என்பது பட்டுச்சேலையின் நிறப்பெயர். அரக்குப் பூச்சி தரும் செந்நிறத்தால் எழுந்த அப்பெயர், செயற்கைச் சாயம் தோய்ந்த சேலைக்கும் வழங்குகிறது.

நூலைச் சூடான சாயத்தில் நெடுநேரம் அமிழ்த்தலாம். படிகாரம் முதலிய நிறங்காரங்களால் சாயத்தை நிலைக்கச் செய்யலாம். தலையில் உள்ள முடிக்கு அத்தகைய வெப்பம் கூடாது. மேலும், மாதந்தோறும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் முடி புதிதாக வளர்வதால் வேரில் நரை மீண்டும் தெரியும். 'சாயம் வெளுத்தது' என்னும் வழக்கு பொய்ம்மை வெளிப்பட்டதைக் குறிக்கும். துணிக்குக் குறையாகும் அவ்வெளுப்பு, முடிக்கு இயல்பே.

வீட்டு முறைகளின் வகைமை

வீட்டில் கையாளப்படும் முறைகளை நிறம் தங்கும் அளவு கருதி மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது பூச்சு. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவும் மை இவ்வகையினது. கரித்துகள் முடியினுள் புகாமல் மேற்பரப்பில் ஒட்டி நிற்பதால் தலை குளித்தவுடன் நீங்கும்.

இரண்டாவது துவர்க்கறை. நெல்லி, கடுக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் இரவு முழுதும் ஊறவைத்தால், துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிக் கரிய சேர்மமாகும். தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரித் துணிகளில் கருங்கோடு தோன்றுவதும் இவ்வாறே. கடுக்காய் ஊட்டிய துணியின்மேல், இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் அக்கோடு வரையப்படுகிறது. முடியில் இக்கறை பல குளியல்களில் படிப்படியாக மங்கும்.

மூன்றாவது ஊடுருவும் சாயம். மருதாணியிலுள்ள 'லாசோன்' கெராட்டினோடு பிணைந்து செம்பழுப்பு நிறம் தரும். அவுரி இலையை நீரில் குழைக்கும்போது விடுபடும் நிறமற்ற பொருள், காற்றுப்பட்டு நீலமாக மாறும். ஆதலால் அக்குழம்பை உடனடியாகப் பூசவேண்டும். முதலில் மருதாணி, அடுத்து அவுரி என இருமுறை பூசினாலே நரைமுடி கருமையை நெருங்கும். இவ்வகை நிறம் பெரிதும் முடி வளர்ந்து வெட்டப்படும்வரை நிற்பதால், 'தற்காலிகம்' என்னும் சொல் முதலிரு வகைகளுக்கே முழுமையாகப் பொருந்தும்.

செயற்கைச் சாயமும் அறுந்த உறவும்

1856இல் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சென்னை மாகாணத்தில் கடப்பை, தென்னார்க்காடு முதலிய மாவட்டங்களில் பரவியிருந்த அவுரிச் சாகுபடி அதன்பின் வீழ்ந்தது. முடிச்சாயத் துறையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 'பாரா-பெனிலீன்டயமின்' என்னும் வேதிப்பொருளை முடிக்குப் பயன்படுத்தும் காப்புரிமையை 1883இல் மொன்னே பிரான்சில் பெற்றார். 1907இல் ஷுல்லர் உருவாக்கிய முடிச்சாயம் பின்னர் லொரேயால் நிறுவனத்துக்கு வித்தாயிற்று.

பழைய பெயர்கள் புதிய பொருள்களுக்கும் ஏறின. 'கருப்பு மருதாணி' என விற்கப்படும் கலவைகள் பலவற்றில் கருமை தருவது பாரா-பெனிலீன்டயமினே. கொப்புளத்தையும் கடும் ஒவ்வாமையையும் தோற்றுவிக்க வல்ல இப்பொருளை, அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஒருமுறை இதனால் ஒவ்வாமை உற்றவருக்கு, பின்னர் இப்பொருள் கலந்த எந்தச் சாயமும் தீங்கு தரலாம்.

முடிவுரை

மருதாணி தனித்துக் கருமை தராது. அவுரிக்குக் காற்றும் நேரமும் வேண்டும். கடுக்காய் கறுக்க இரும்பு வேண்டும். சாயத்தொழிலின் இவ்வடிப்படைகளை அறிந்தவர், ஒரே பூச்சில் சில நிமிடங்களில் கருக்கும் 'மருதாணி'யை ஐயுறுவர். துணிச்சாயமும் முடிச்சாயமும் ஒரே அறிவின் இரு பயன்களாக இருந்தபோது, அவ்வறிவே பயன்படுத்துவோருக்குக் காப்பாகவும் அமைந்தது. இன்று பொதியுறையில் உள்ள பெயரே அறிவின் இடத்தைப் பிடித்துள்ளது. எனவே, நெசவூர்களில் வழங்கும் நிறப்பெயர்களையும் சாயமுறைகளையும் வீட்டு வழக்குகளோடு இணைத்துத் தொகுப்பது சொல்லாய்வுக்கும் பொதுநலத்துக்கும் ஒருங்கே பயன்படும்.