மார்பர்க் சம்வாதம்

இராப்போஜன அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்து எவ்வாறு பிரசன்னமாகிறார் என்பதுபற்றி மார்ட்டின் லூத்தரும் உல்ரிக் சுவிங்கிலியும் 1529 அக்டோபர் 1 முதல் 4 வரை ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் நிகழ்த்திய சமய விவாதம். கத்தோலிக்கப் பேரரசரின் வல்லமைக்கு எதிராகச் சீர்திருத்தத் தரப்பினரை ஓரணியில் திரட்ட விரும்பிய ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப் இதனைக் கூட்டினார். மெலாங்க்தன், எக்கோலம்பாடியஸ், பூட்சர் முதலிய பண்டிதர்களும் பங்குகொண்டனர்.

அப்பமும் ரசமும் தம் சாரத்திலேயே கிறிஸ்துவின் சரீரமாகவும் இரத்தமாகவும் மாறிவிடுகின்றன என்னும் ரோமைத் திருச்சபையின் கோட்பாட்டை இருவருமே மறுத்தனர். ஆயினும், அப்பம் அப்பமாகவே இருக்கக் கிறிஸ்துவின் சரீரமும் அதனோடு மெய்யாகவே இருக்கிறது என்று கொண்ட லூத்தர், இறுதி விருந்தில் கிறிஸ்து மொழிந்த ‘இது என் சரீரம்’ என்னும் வாக்கை மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்து, அதன் நேர்ப்பொருளினின்று இம்மியும் விலக இசைந்தாரில்லை. பரலோகம் சென்ற சரீரம் பிதாவின் வலப்பாரிசத்தில் இருத்தலின், அப்பம் அதனைக் குறிக்கும் அடையாளமே என்றும், விசுவாசத்தால் உண்பதே மெய்யான உண்டல் என்றும் யோவான் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் காட்டிச் சுவிங்கிலி வாதித்தார்.

முடிவில் வரையப்பெற்ற 15 பிரிவுகளுள் 14இல் முற்றிலும் ஒருமித்த இவர்கள், இறுதிப் பிரிவில் அடங்கிய இந்த ஒரு வினாவில் பிரிந்தனர். ஒரே வேதத்தைச் சமமான பக்தியுடன் ஓதியவர்களிடையே எழுந்த இப்பிளவு லூத்தரன் சபைகளையும் சீர்திருத்தச் சபைகளையும் பல நூற்றாண்டுகள் பிரித்துவைத்தது. 1973இல் ஏற்பட்ட லாயன்பெர்க் உடன்பாடே ஐரோப்பாவில் அவ்விரு மரபினரிடையே திருவிருந்து ஐக்கியத்தை நிலைநாட்டியது.