உடைந்த எலும்பும் உடைந்த உள்ளமும்



புத்தூர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது 'புத்தூர்க் கட்டு' அன்றோ? சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், நகரிக்கு அப்பால் உள்ளது இவ்வூர். 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபோது ஆந்திரத்தைச் சேர்ந்தது; ஆயினும் தமிழ் இன்றும் இங்கே அயல்மொழி அன்று. எலும்பு முறிந்தோர் தலைமுறை தலைமுறையாக இவ்வூர்ப் பக்கம் வருகின்றனர். பச்சிலையும் முட்டை வெண்கருவும் பூசித் துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவர். கூடிவிடும் என்ற நம்பிக்கையோடு வந்தவர் திரும்புவர்.

எலும்புக்குக் கட்டு உண்டு. மகனை இழந்த தாயின் உள்ளத்துக்குக் கட்டு எது? எல்லாச் சமயங்களும் எதிர்கொண்ட வினா இது. கிறித்தவ சமயம் இதற்கு எவ்வாறு விடை தேடிற்று, அவ்விடை நம் மண்ணில் எவ்வாறு விரிவடைந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

துன்புறுவோனைப் பார்த்து, "நீ செய்த பாவத்தின் விளைவு" என்று கூறுவது எளிது. விவிலியத்தின் யோபு நூலில் நண்பர்கள் அவ்வாறே வாதிடுகின்றனர். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவோ அதனை ஏற்கவில்லை. நூலின் இறுதியில், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசாதவர்கள் என்று இறைவன் சினந்துகொள்வது அந்நண்பர்களைத்தான். துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பது பக்தி ஆகாது என்ற எச்சரிக்கை அந்நூலிலேயே உள்ளது.

1518-ஆம் ஆண்டு, செருமனியின் ஐடல்பர்க் நகரில் நிகழ்ந்த வாதத்தில், மார்ட்டின் லூதர் இக்கருத்தை மேலும் கூர்மையாக்கினார். இறைவனை வெற்றியிலும் மாட்சியிலும் தேடுவோர் அவரைத் தவறவிடுவர். சிலுவையில் தொங்கும் துன்பத்திலேயே அவர் தம்மை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் கொள்கை. அவர் வழியில் வந்த எர்மான்சுபர்க் மிஷன் என்னும் செருமானியச் சங்கம், 1865-இல் தென் தெலுங்கு நாட்டில் பணி தொடங்கிற்று. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை அப்பணியின் வழித்தோன்றல் ஆகும்.

தமிழ் மொழி இச்சிந்தனைக்குத் தானே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. இயேசுவின் துன்பத்தைத் தமிழ்க் கிறித்தவர் 'பாடுகள்' என்பர். வயலில் உழைப்பவனும் 'பாடுபடுகிறான்'. நோயில் கிடப்பவனும் 'பாடுபடுகிறான்'. உழைப்பையும் வேதனையையும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் முன்னோர். 'மீட்பு' என்பதும் அடகு வைத்த பொருளைத் திருப்பிக் கொணரும் அன்றாடச் சொல்லே. இலங்கையில் தொண்டாற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்', தவக்காலத்தில் பாடுகளை நினைந்து உருகிப் படிக்கப்படுவது. நம் தாய்மார் ஒப்பாரியில் கண்ட ஆறுதலை அங்கே வழிபாடு ஏற்றுக்கொண்டது.

ஆனால் அழுவதோடு மீட்பு முடிந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை காணப் புத்தூரிலிருந்து வேலூருக்குச் செல்ல வேண்டும். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை இரண்டும் ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சம் இப்பகுதியையும் வாட்டியது. மருத்துவ மிஷனரி ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர், அப்போது ஏழு வயதும் நிரம்பாத சிறுமி. பசித்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டு வைத்தவர். அந்தக் காட்சியின் கொடுமையாலேயே, மிஷன் வாழ்வு வேண்டாம் என்று பின்னர் உறுதி பூண்டார்.

நோயுற்ற தாயைக் கவனிக்க மீண்டும் இந்தியா வந்தபோது, திண்டிவனத்தில் ஓர் இரவு மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடினர். ஆண் மருத்துவரான ஐடாவின் தந்தையை அனுமதிக்க அக்குடும்பங்களின் வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அத்துயரமே அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிற்று. 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கிய பணி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

அங்கே 1954-இல் மற்றொரு துயரம் நிகழ்ந்தது. இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சென்ற வண்டி கவிழ்ந்தது. முதுகுத் தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றன. அக்கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். தந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். தொழுநோயாளரின் விரல்கள் சிதைவதற்கு முதன்மைக் காரணம் வலி உணராமையே என்று கண்டு, வலியையே ஒரு கொடை என்று மதித்தவர். கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று அவர் மேரிக்கு எடுத்துரைத்தார். உணர்விழந்த கால்களோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து, உணர்விழந்த கைகளைச் சீராக்கினார் மேரி. அயல்நாட்டில் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பியவரின் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. 1986-இல் மறையும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

அவர் கால்கள் குணமாகியிருந்தால்தான் இறைவன் மீட்டார் என்போமா? கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டில் மீட்பையும் நலம் பெறுதலையும் ஒரே சொல் குறிக்கும். அச்சொல்லின் பொருள் வேலூரில் விரிவடைந்தது. மறுமையில் ஆன்மாவுக்குக் கிடைக்கும் காவல் மட்டுமன்று மீட்பு. ஒருவர் வேதனை மற்றொருவரின் வேதனையை அறியும் கண்ணாக மாறுவதும் மீட்பே என்று அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

இதனால் துன்பம் நன்று என்று கொள்ளுதல் தகாது. திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களுக்கு எந்த மருத்துவமனையும் ஈடாகாது. அவர்கள் பெயர்கூட நமக்கு எட்டவில்லை. ஒரு நன்மை விளைவதற்காக அவர்கள் இறந்தனர் என்று கூறுவது, யோபுவின் நண்பர்கள் செய்த பிழையையே நாமும் செய்வதாகும்.

தொலைவில் வாழும் உங்களுக்கு, ஊரிலிருந்து வரும் இறப்புச் செய்தியின் சுமை தெரியும். வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அத்தகைய நாளில் அண்டை வீட்டார் ஒருவர் காரணம் எதுவும் சொல்லாமல் அருகில் வந்து அமர்ந்திருந்தால், அதன் அருமையும் உங்களுக்குத் தெரியும். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் அவ்வாறே வாய் திறவாது தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே.