பொள்ளாச்சி – வால்பாறை மலைச்சாலை

பொள்ளாச்சி – வால்பாறை மலைச்சாலை கோவை மாவட்டத்தின் தென்மேற்கில் ஆனைமலைத் தொடரில் ஏறும் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலை 78-இன் ஒரு பகுதியான இது சுமார் 64 கி.மீ. நீளமுடையது. சமவெளியிலிருந்து வால்பாறைக்குச் செல்ல முதன்மையான வழி இதுவே. ஆழியாற்றுக்கு மேல் வரும் 40 கொண்டை ஊசி வளைவுகளால் பெயர்பெற்றது.

வழித்தடம்

பொள்ளாச்சியிலிருந்து தென்னந்தோப்புகளுக்கு ஊடே தெற்கே செல்லும் சாலை, ஆழியாறு அணையை ஒட்டிச் சென்று வனத்துறைச் சோதனைச்சாவடியை அடைகிறது. கவியருவியைக் கடந்ததும் மலையேற்றம் வேகம் பிடிக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைத் தாங்கிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து அணையின் நீர்ப்பரப்பு முழுவதும் தெரியும். சாலையை அமைத்த பொறியாளர் லோம் என்பவரின் பெயரை அது தாங்கியுள்ளது.

அட்டகட்டியிலிருந்து கிளைச்சாலை ஒன்று காடம்பாறைக்குப் பிரிகிறது. முதன்மைச் சாலை வாட்டர்பால்ஸ், மூடுபனிக்குப் பேர்போன கவர்க்கல், ஐயர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம் வழியாகச் சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள வால்பாறையை எட்டுகிறது. அதற்கு அப்பால் சோலையாறு அணைப் பகுதியைத் தொட்டுக் கேரள எல்லையான மளுக்கப்பாறைக்குப் போகும் சாலை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியுடன் இணைகிறது.

வரலாறு

இச்சாலை மலைத்தோட்டங்களுக்காகப் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆனைமலைப் பீடபூமியில் காபித் தோட்டங்கள் தொடங்கின; பின்னர் தேயிலை மேலோங்கியது. காட்டைத் திருத்தித் தோட்டங்களை உருவாக்கியதில் முன்னின்ற கார்வர் மார்ஷ், ‘ஆனைமலையின் தந்தை’ எனத் தோட்டத்துறையினரால் குறிப்பிடப்படுகிறார். விளைந்த சரக்கைக் கீழே இறக்கவும் அரிசியையும் இயந்திரங்களையும் மேலே ஏற்றவும் வண்டிகள் போகக்கூடிய பாதை தேவைப்பட்டது. அந்தத் தேவையே மலைச்சாலையை உருவாக்கியது.

தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்களைக் கங்காணிகள் சமவெளிக் கிராமங்களிலிருந்து முன்பணம் கொடுத்துத் திரட்டினர். மலைக்கு வந்தவர்களுக்கு மலேரியாவும் அடர்பனியும் தீராக் கடனும் காத்திருந்தன. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் அந்த வாழ்க்கையை 1969-இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் சாலைக்கு இரண்டாவது பயன் சேர்ந்தது. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் அணைகளும் சுரங்கக் கால்வாய்களும் மின்நிலையங்களும் எழுந்தன. பிற்காலத்தில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையமும் அமைந்தது. தேயிலை லாரிகள் ஓடிய வழியில் மின்வாரிய, பொதுப்பணித்துறை வாகனங்களும் ஓடலாயின.

காடும் சாலையும்

சாலையின் கீழ்ப்பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைக் காணலாம். வால்பாறையை நெருங்கும்போது தேயிலைக்கு நடுவே துண்டுபட்டுக் கிடக்கும் சோலைக்காடுகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்திலேயே வாழும் இயல்புடைய இக்குரங்குகள், கிளைத்தொடர்பு அறுந்த இடங்களில் தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்து வாகனங்களில் அடிபட்டன. இதைத் தடுக்கப் புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டப்பட்டன. யானை நடமாட்டத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளாலும் தெரிவிக்கும் ஏற்பாடும் வால்பாறையில் உள்ளது.

போக்குவரத்து

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவும் மரம் விழுவதும் போக்குவரத்தை அடிக்கடி நிறுத்துகின்றன. மளுக்கப்பாறை – அதிரப்பள்ளி வனச்சாலையில் இரவுப் பயணத்துக்கு அனுமதியில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு அரசுப் பேருந்துகளே முதன்மையான ஊர்தி. பெரிய மருத்துவமனைக்கும் உயர்கல்விக்கும் அவர்கள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ இறங்கியாக வேண்டும். விடுமுறை நாட்களில் சுற்றுலா வாகனங்கள் பெருகியதால், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது.